பழைய சாமானில் ஒரு பந்தாட்டப் பெட்டி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் கற்றுவல்ல பெருமக்கள் பேசுவதையே நாம் கேட்டு வந்திருக்கிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, சரக்குக் கணக்குப் பேரேடுகளோடு காலம் கழிக்கும் என்னைப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது, நான் மறுக்கவே எண்ணினேன். ஆயினும், என் வீட்டுப் பின்கட்டில் சில மாதங்களாக நடைபெறும் வேலையைப் பற்றிக் காலனியில் பலவகைப் பேச்சு எழுந்திருப்பதால், நானே விளக்கம் கூறுவது கடமையாயிற்று. நான் காயலான் கடை வைக்கப்போவதாகச் சிலர் கூறுகின்றனர். அக்கட்சியில் என் மனைவியும் சேர்ந்திருக்கிறாள். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. வேறு சிலரோ, சங்க மண்டபத்தில் சூதாட்டப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைக்கப்போகிறேன் என்று வருந்துகின்றனர். பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு அவ்வருத்தம் இயற்கையே. ஆதலின் அதற்கு முதலில் விடை கூறுகிறேன்.

நான் செய்யக் கருதியிருப்பது, பின்பால் என்று வழங்கும் பந்தாட்டப் பெட்டி. நம்மில் பலர் சிறுவயதில் பாகடெல் பலகை ஆடியிருப்போம். சாய்ந்த பலகை, ஆங்காங்கே ஆணிகள், அரைவட்டமாக அடித்த ஆணி வேலிக்குள் எண்கள். உந்திவிட்ட இரும்புக் குண்டு ஆணிகளில் முட்டி மோதி எங்கோ ஓரிடத்தில் வந்து சேரும். அந்தப் பாகடெல்லின் பேரப்பிள்ளையே பின்பால்.

பாகடெல் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுச் செல்வர் இல்லங்களில் வளர்ந்த ஆட்டம். 1871இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மான்டேக் ரெட்கிரேவ் என்பார், பந்தை உந்துவதற்குச் சுருள்வில் பூட்டிய உந்துகோலுக்குக் காப்புரிமை பெற்றார். 1931இல் சிகாகோ நகரத்து டேவிட் காட்லீப் 'பேஃபிள் பால்' என்னும் சிறு பெட்டியை விற்கத் தொடங்கினார். அது வேலையில்லாத் திண்டாட்டம் மலிந்த காலம். ஒரு சென்ட் காசுக்குச் சிறிது நேரம் கவலையை மறக்கலாம் என்பதால் அப்பெட்டி பல்லாயிரக்கணக்கில் விற்றது. ஆனால் உந்துகோலை இழுத்து விடுவதோடு ஆடுபவனுடைய கைக்குப் பெரும்பாலும் வேலை முடிந்தது. பிறகு பெட்டியைச் சற்று அசைத்துப் பார்க்கலாம். மற்றபடி பந்து படும் பாட்டை நின்று பார்ப்பதே ஆட்டம்.

இதனாலேயே சண்டை எழுந்தது. 1942இல் நியூயார்க் நகர மேயர் லகார்டியா, இது பள்ளிப்பிள்ளைகளின் சில்லறையைப் பறிக்கும் சூது என்று கூறித் தடை விதித்தார். பெட்டிகளைப் பறிமுதல் செய்து சம்மட்டியால் உடைத்தனர். நம் காலனிப் பெரியோர்கள் இன்று கூறுவதை அவர் அன்றே கூறிவிட்டார் என்க. அவர் கண்ட பெட்டிகளைப் பொறுத்தவரை அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை.

பெட்டியின் குணத்தையே மாற்றிய புதுமை 1947இல் வந்தது. காட்லீப் நிறுவனத்தில் பணியாற்றிய ஹாரி மாப்ஸ் அமைத்த 'ஹம்ப்டி டம்ப்டி' என்னும் பெட்டியில், ஆடுபவன் பொத்தானை அழுத்தினால் பந்தை எற்றி மேலே அனுப்பும் ஆறு சிறு கைகள் இருந்தன. அவற்றை ஃபிளிப்பர் என்பர். நான் 'தட்டுகை' என்று சொல்லிக்கொள்கிறேன். மறு ஆண்டே ஸ்டீவ் கோர்டெக் என்பார் 'ட்ரிபிள் ஆக்‌ஷன்' என்னும் பெட்டியில் பலகையின் அடிப்பக்கத்தில் இரண்டே தட்டுகைகளை வைத்துக் காட்டினார். ஆறு செய்த வேலையை இரண்டு செய்தன. இன்றுவரை அந்த அமைப்பே பெருவழக்காக நிலைத்திருக்கிறது.

நியூயார்க் தடை 1976இல் நீங்கிய வரலாறு கேட்கத் தக்கது. ரோஜர் ஷார்ப் என்னும் இளைஞர் நகர மன்றக் குழுவினர் முன்னிலையில் ஆடிக் காட்டினார். கடைசியில் உந்துகோலைப் பற்றிக்கொண்டு, பந்து இன்ன வழியில்தான் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி இழுத்துவிட்டார். சொன்ன வழியிலேயே பந்து இறங்கிற்று. இது குருட்டு யோகமன்று, கைத்திறன் என்று குழுவினர் ஏற்றனர். கைக்குப் பங்கில்லாத ஆட்டம் சூது. கைக்குப் பங்குள்ள ஆட்டம் பயிற்சி. நான் செய்யும் பெட்டியில் காசு போடும் துளையே இராது. கைக்கு உரிய பங்கு மட்டும் குறைவின்றி இருக்கும்.

அன்பர்களே, 'இருக்கும்' என்று நான் எளிதாகச் சொல்லிவிட்டேன். சென்ற ஆண்டுத் தீபாவளி விடுமுறையில் செய்த முதற்பெட்டியில் அது இல்லை. அந்தத் தோல்வியை மறைத்துவிட்டுத் திட்டத்தைப் பேசுவது முறையன்று.

அன்று நான் செய்த பிழை இது: முதலில் பொருள்களைச் சேர்த்தேன், அடுத்துப் பலகையை அறுத்தேன், கடைசியில் யோசித்தேன். மின்சாரக் கதவுப் பூட்டு ஒன்றின் சுருள் கபாடிக் கடையில் மலிவாகக் கிடைத்தது. நொடிப்பொழுது இழுத்துவிட்டு ஓய்வதற்கென அமைந்த அச்சுருளைத் தட்டுகைக்குப் பூட்டினேன். காலனிப் பிள்ளைகள் சூழ்ந்து நின்றனர். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி முதலில் ஆட வந்தாள். பந்து கீழே விழுந்துவிடுமோ என்னும் அச்சத்தில் பொத்தானை அழுத்தியவள் விடவே இல்லை. சிறிது நேரத்தில் பலகையின் அடியிலிருந்து புகை எழுந்தது. கம்பியைப் பிடுங்கப் போன என் விரலில் கொப்புளம் கண்டது. குழந்தைக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. ஆனால் அவள் கண் கலங்கி, "நான் கெடுத்துவிட்டேனா மாமா?" என்று கேட்டாள்.

அக்கேள்வி கொப்புளத்தைவிட அதிக நாள் எரிந்தது. அச்சம் வந்தால் அழுத்திப் பிடிப்பது குழந்தையின் இயல்பு. அதைத் தாங்காதது பொறியின் குற்றம். பொறியை அமைத்தவனின் குற்றம். திருக்குறளில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசர்க்குச் சொன்ன அவ்வரிசை பந்தாட்டப் பெட்டி செய்பவனுக்கும் பொருந்தும் என்று அன்றிரவு எனக்குப் பட்டது.

ஆகவே இம்முறை இரம்பத்தைத் தொடவில்லை. முழு அளவுப் பழுப்புத்தாளைத் தரையில் விரித்து, ஆட்டப்பலகையை அதில் வரைந்திருக்கிறேன். அகலம் 51 சென்டிமீட்டர், நீளம் 107; தொழிற்சாலைப் பெட்டிகளின் அளவை ஒட்டியது. பலகைக்கு, மாற்றலாகிச் சென்ற அன்பர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன அலமாரியின் பிளைவுட் கதவு இருக்கிறது. பந்து 27 மில்லிமீட்டர் குறுக்களவும் ஏறத்தாழ 80 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டு. லாரிப் பட்டறையில் கழித்துப் போட்ட பேரிங்கிலிருந்து அவ்வளவுக்குப் பொருந்திய குண்டு ஒன்று கிடைத்தது.

முதற்கேள்வி சாய்வு. இக்காலத்துப் பெட்டிகளின் பலகை ஏறத்தாழ ஆறரைப் பாகை சாய்ந்திருக்கும். அதாவது ஒரு மீட்டர் நீளத்துக்கு 11.4 சென்டிமீட்டர் உயர்வு. பழங்காலத்துப் பெட்டிகளில் மூன்றரைப் பாகையே. மீட்டருக்கு 6 சென்டிமீட்டர். பலகையின் ஒரு தலையில் புத்தகங்களை அடுக்கிக் குண்டை உருட்டி, கைப்பேசியின் கடிகாரத்தால் நேரம் பார்த்தோம். கணக்கும் அனுபவமும் ஒத்தன. ஒரு மீட்டர் இறங்க, மிகுந்த சாய்வில் ஏறத்தாழ 1.6 நொடி, குறைந்த சாய்வில் 2.2 நொடி. அரை நொடிக்குச் சற்றே மிகுந்த வேறுபாடுதான். ஆனால் கண் கண்டு, மனம் துணிந்து, விரல் அழுத்த வேண்டிய காலம் முழுவதும் அதற்குள் அடக்கம். எனவே பின்கால்களின் கீழ் மரக்கட்டைகளை வைத்துக் குழந்தைகளுக்குத் தாழ்ந்த சாய்வும் பெரியவர்களுக்கு உயர்ந்த சாய்வும் அமைப்பதென முடிவு செய்தேன். தரையின் மேடு பள்ளத்தை நிரவ, உடைந்த துணிதுவைக்கும் இயந்திரம் ஒன்றின் திருகுகால்கள் உதவும்.

இரண்டாவது, இரு தட்டுகைகளுக்கும் இடையிலுள்ள வாயில். அது பந்தின் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். மிக அகன்றால் எவ்வளவு திறமை இருந்தும் பந்து தப்பிப்போகும். ஆடுபவன் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவான். பந்து புகாதபடி குறுகினால் ஆட்டம் முடியவே முடியாது. தோற்க வழியில்லாதது ஆட்டமன்று; வெல்ல வழியில்லாதது சூது. அட்டையில் தட்டுகைகளை வெட்டி, குண்டூசியில் பொருத்தி, நாள்தோறும் சிறிது நகர்த்திப் பார்க்கிறோம். இடம் உறுதியான பிறகே துளை.

மூன்றாவது, சென்ற ஆண்டு என்னைச் சுட்ட சுருள். இதற்கு விடை மோட்டார் மெக்கானிக் ஒருவரிடம் கிடைத்தது. காரின் ஸ்டார்ட்டரில் உள்ள சாலினாய்டை அவர் பிரித்துக் காட்டினார். அதில் இழுப்பதற்கு ஒரு சுற்றும், இழுத்ததைப் பிடித்து வைப்பதற்கு ஒரு சுற்றும் தனித்தனியே உண்டு. தொழிற்சாலைப் பின்பால் பெட்டிகளின் தட்டுகைச் சுருளும் இவ்வாறே இரு சுற்று உடையது. இருப்புப்பாதையில் பணிபுரியும் நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. நிற்கும் வண்டியை அசைக்க வேண்டிய இழுவிசை வேறு. அசைந்த வண்டியை ஓட்ட வேண்டியது வேறு அல்லவா?

கணக்கு இவ்வாறு அமைகிறது. தடித்த கம்பியில் 4 ஓம் தடை வருமாறு ஒரு சுற்று. மெல்லிய கம்பியில் 156 ஓம் வருமாறு மற்றொன்று. பொத்தானை அழுத்தியதும் 24 வோல்ட் மின்சாரம் தடித்த சுற்றில் மட்டும் பாய்கிறது. 6 ஆம்பியர், 144 வாட். தட்டுகை பாய்ந்து பந்தை எற்றுகிறது. அது தன் வீச்சின் முடிவை எட்டியவுடன் அங்குள்ள சிறு ஸ்விட்ச் ஒன்றைத் தள்ளித் திறக்கிறது. அக்கணமே மெல்லிய சுற்றும் வழியில் சேர்ந்து, மொத்தத் தடை 160 ஓம் ஆகிறது. மின்னோட்டம் 0.15 ஆம்பியர்; ஆற்றல் 3.6 வாட். நாற்பதில் ஒரு பங்கு! தூக்கிய கையைத் தாங்கி நிற்க அதுவே போதும், சுருளும் கருகாது. குழந்தை எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும் பிழையில்லை. வலியறிந்து கொடுத்து, காலமறிந்து குறைப்பதே இதன் நுட்பம். கம்பிகளைப் பழைய மின்மாற்றிகளிலிருந்து பிரித்துச் சுற்றுகிறோம். ஒவ்வொரு சுருளையும் மீட்டரால் அளந்த பின்னரே எடுத்து வைக்கிறோம்.

இன்னுமொரு சிறு காவல் வேண்டும். மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கணத்தில் சுருள் எதிர்த்தெழுந்து பெரும் மின்னழுத்தத்தைக் காட்டும். பொறி பறந்து ஸ்விட்சின் முனைகளை அரித்துவிடும். சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு டயோடை எதிர்த்திசையில் இணைத்துவிட்டால், அந்த ஓட்டம் சுருளுக்குள்ளேயே சுற்றி அடங்கும். பழைய கைப்பேசிச் சார்ஜரிலும் தக்க டயோடு கிடைக்கக்கூடும்.

வீட்டு மின்சாரம் இப்பெட்டிக்குள் நுழையாது. யூ.பி.எஸ். கருவிகளில் இருந்த 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுகிறோம். பேட்டரிகளை வெளியே எடுத்துப் பெரியவர்களே சார்ஜ் செய்வர். 1930களின் முற்பகுதியில் முதன்முதல் மின்காந்தம் பூட்டி வந்த 'கான்டாக்ட்' என்னும் பெட்டியும் பேட்டரியிலேயே ஓடிற்று.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். தட்டுகைகள் உடைந்த கேரம்பலகைச் சட்டத்தின் மரம். அவற்றைச் சுற்றிச் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய வளையம். மணி, சைக்கிள் மணியே. புள்ளி எண்ணுவதற்கு என் சொந்தப் பழைய கால்குலேட்டர். பத்து, கூட்டல், பத்து எனத் தட்டியபின் சமன்குறியை அழுத்துந்தோறும் அது பத்துப் பத்தாகக் கூட்டும். அக்குறியின் அடியிலுள்ள இரு முனைகளில் கம்பி பற்றவைத்து, பந்து படும் இடங்களுக்குக் கொண்டுசெல்கிறோம். பெட்டியை முரட்டுத்தனமாக உலுக்குவோருக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு பாடம் சொல்லும். ஓர் உலோக வளையத்தின் நடுவே அது தொங்கும்; அளவுக்கு மீறி அசைத்தால் வளையத்தைத் தொடும்; தொட்டால் அம்முறை ஆட்டம் போயிற்று.

பந்து ஒன்றுதான். ஒற்றைப்பாதைப் பகுதிகளில் பயன்பட்டு வந்த நீல் டோக்கன் கருவியைப் பெரியோர்கள் அறிவார்கள். இரு நிலையத்தாரும் இசைந்தாலன்றிப் பந்து வெளிவராது. ஒரு பந்து வெளியில் இருக்கையில் மறுபந்து வராது. பந்து கையில் இல்லாமல் வண்டி அப்பகுதிக்குள் புகாது. சிறியதோர் உருண்டை பல நூறு உயிர்களைக் காத்தது. நம் பெட்டியிலும் பந்து கீழ்த்தொட்டிக்குத் திரும்பிய பின்னரே அடுத்த பிள்ளையின் முறை தொடங்கும். வரிசைக்குச் சண்டை வராது என்று நம்புகிறேன்.

இனி, பொருள்கள் வந்த வழி. நான் இன்று இங்கே நிற்பதற்கு உண்மையான காரணம் இதுவே. எனக்கு உதவி செய்துவந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் இச்சபையில் இருக்கிறார். அவர் இசைவு பெற்றே சொல்கிறேன். ஒருநாள் மாலை அவர் பையிலிருந்து ரிலே ஒன்றை எடுத்துப் பெருமையோடு என் முன் வைத்தார். "வேலியோரம் கிடந்தது மாமா, யாரும் கேட்கமாட்டார்கள்" என்றார். நல்ல பொருள். விலை கொடுத்து வாங்க எனக்கு வசதியில்லாத பொருள். நான் அதைத் தொடவில்லை. "தம்பி, அது அங்கே கிடந்ததா, அங்கே வைக்கப்பட்டதா என்பதை நாம் அறியோம். அதற்காக ஒரு சிக்னல் காத்திருக்கலாம்" என்றேன். இரயில்வே உடைமையை முறையின்றி வைத்திருத்தல் பற்றிய 1966ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஐயத்துக்குரிய பொருள் நேர்வழியில் வந்தது என்று காட்டும் பொறுப்பு வைத்திருப்பவரையே சாரும். என் வேலை போவதிருக்கட்டும். வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் அவர் எதிர்காலம் என்னாவது?

இருவருமாகச் சென்று உரிய பிரிவில் அதை ஒப்படைத்தோம். வரும் வழியில் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த மூன்று வாரம் என் வீட்டுப் பக்கம் வரவுமில்லை. நான் கடிந்து பேசவில்லை என்றே எண்ணியிருந்தேன். ஆனால் அன்போடு கொண்டுவந்ததை மறுப்பதும் கடிதல்தான் என்று பிறகு உணர்ந்தேன். நான்காம் வாரம் ஞாயிற்றுக்கிழமை, பழுதான மைக்ரோவேவ் அடுப்பு ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கூடவே கோல் பஜார்க் கபாடிக்காரர் எழுதிக்கொடுத்த எடைச்சீட்டு. பொருளுக்கு முன் சீட்டையே என் கையில் கொடுத்தார். அன்று முதல் எங்கள் பணியில் ஒரு விதி பிறந்தது: சீட்டோ, கொடுத்தவர் பெயரோ இல்லாத பொருள் பெட்டிக்குள் போகாது. அதற்கென ஒரு பேரேடு வைத்திருக்கிறோம். அது எனக்குத் தெரிந்த தொழில்.

அந்த அடுப்பின் கதவுப் பகுதியில் கிடைத்த சிறு ஸ்விட்சுகளே தட்டுகையின் முடிவில் நிற்கப்போகின்றன. ஆனால் பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. மின்சாரத்திலிருந்து பிரித்த பின்னும் மைக்ரோவேவ் அடுப்பிலுள்ள மின்தேக்கி உயிரைப் போக்கும் அளவுக்கு மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடும். வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரே அதைத் திறந்து, மின்தேக்கியை வெறுமையாக்கித் தந்தார். பிள்ளைகள் தாமாக அதைத் திறக்க விடாதீர்கள்.

இரண்டு பொருள்கள் மட்டும் பழையதாக இரா. ஒன்று ஃபியூஸ். மற்றொன்று மேல்மூடி. சன்னல் கண்ணாடி உடைந்தால் கத்தியாகும். குளிர்பெட்டித் தட்டுகளில் வரும் பதப்படுத்திய கண்ணாடி உறுதியானது. ஆனால் அதை அளவுக்கு வெட்ட முயன்றால் முழுவதும் நொறுங்கிவிடும். எனவே ஒளி புகும் அக்ரிலிக் பலகை ஒன்று கடையில் வாங்குகிறோம். காப்பாற்ற வேண்டிய இடத்தில் சிக்கனம் பார்ப்பது சிக்கனமன்று.

அன்பர்களே, என் சிறுவயதில் ஊரில் ஈயம், பித்தளை, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவர் தெருவில் வருவார். பழையது கொடுத்து இனிப்புப் பெறுவது நமக்குப் புதிதன்று. உங்கள் வீட்டுப் பரணில் உள்ள பழைய சைக்கிள் டியூப், நின்றுபோன சுவர்க்கடிகாரம், உடைந்த பொம்மைக் கார் ஆகியவற்றை எங்களுக்குத் தாருங்கள். பேரேட்டில் உங்கள் பெயர் ஏறும். அலுவலகப் பொருள் எதுவாயினும், அது எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும், வேண்டா. ஞாயிறு மாலைகளில் உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள். பையன்களை மட்டுமன்று, பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள். பொங்கலுக்குள் வரைபடம் முடியும். சித்திரைக்குள் சுருள்கள் முடியும். மழைக்காலத்தில் பலகை வேலை. செயற்குழு இசைந்தால் அடுத்த ஆண்டு விழாவில் பெட்டி இம்மண்டபத்தின் மூலையில் நிற்கும்.

அன்று முதற்பந்தை ஆடப்போகிறவர் தலைவரும் அல்லர், நானும் அல்லேன். சென்ற ஆண்டு கண் கலங்கிய அந்தச் சிறுமியே ஆடுவாள். இதோ, பாயில் மூன்றாவதாக அமர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மா, நீ கெடுக்கவில்லை. நான்தான் யோசிக்காமல் செய்தேன். அடுத்த ஆண்டு பொத்தானை உனக்கு வேண்டிய மட்டும் அழுத்திப் பிடித்துக்கொள்; புகை வராது.